ஒற்றைப் பொன்னாடை

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கராஜில் நாலு பேராக ரொக் இசைக்குழு தொடங்கினோம். ஒவ்வொரு பயிற்சியையும் திகதியிட்டுக் கொப்பியில் எழுதிவைத்தேன். மூன்றாம் வருடம், நான் எழுதிய பாட்டொன்று கலியாண மண்டபமெல்லாம் ஒலித்தது. அஜின்கோர்ட்டில் ஒரு விழாவில், அது எங்கள் பாடகனின் சொந்தப் படைப்பு என்று சொல்லி, அறிவிப்பாளர் அவனுக்கு மட்டும் பொன்னாடை போர்த்தினார். அவன் மறுக்கவில்லை, கைகூப்பி நின்றான்.

திரும்பும்போது காரில் கேட்டேன்: "நான் எழுதினதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"மேடையில நிண்டு உதெல்லாம் விளங்கப்படுத்தேலுமே மச்சான்? பொன்னாடைதான் வேணுமெண்டா, இந்தா, போர்த்திக்கொண்டு போ."

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு நான் கராஜைத் திறக்கவில்லை. குழு அத்தோடு முடிந்தது. அவன் இப்போதும் தனியாக அந்தப் பாட்டைப் பாடுகிறான். அதை எழுதி முடித்த திகதி கொப்பியில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.