அழுக்கில்லாத தட்டு

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஏன் டீச்சர்'. கவிதையில் எந்த வரியைத் தொட்டாலும் ஏன், ஏன் என்று குடைந்துகொண்டே இருப்பாள். பிள்ளைகளோ நோட்ஸைக் கரைத்துக் குடித்தவர்கள். இருட்டு என்றால் துன்பம், ஆறு என்றால் வாழ்க்கை, பறவை என்றால் விடுதலை. கவிதையைப் படிக்காமலே பொருள் சொல்லிவிடுவார்கள், மகராசன்கள். இத்தனை வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியும் எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"நோட்ஸை எழுதிப் போட்டுட்டு வந்து சேர வேண்டியதுதானே. உனக்கு ஏன் இந்த வம்பு?" என்பார் கணவர். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைக்கு ஒரு வரியைத் தானாகப் படிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு வயிறு எரியும். அவருக்கு அது எங்கே புரியப் போகிறது?

இப்போது அதற்கும் வேட்டு வைத்தார் தலைமையாசிரியர். வாரத்துக்கு இருப்பதே ஒரு கவிதை வகுப்பு, அதையும் கணக்குக்குக் கொடுக்கப் போகிறாராம். இவள் விடாமல் வாதாடினாள். "சரி, ஒரு நாள் வந்து பாக்குறேன். பிள்ளைங்க ஏதோ கத்துக்கிறாங்கன்னு தெரிஞ்சா விட்டுடலாம்" என்று இறங்கி வந்தார்.

எந்த நோட்ஸிலும் அகப்படாத கவிதை வேண்டுமே. அவளே நாலு வரி எழுதி, கரும்பலகையில் போட்டாள்.

*சோறு ஆறிவிட்டது.*
*இரண்டு தட்டையும்*
*கழுவி வைத்தேன்.*
*ஒன்றில் அழுக்கே இல்லை.*

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார்.

"படிச்சா என்ன தோணுது?" என்று கேட்டாள். முதல் பெஞ்சுக் கெட்டிக்காரன் எழுந்தான்.

"சுத்தம் சோறு போடும்ங்கிறதுதான் மையக்கருத்து, டீச்சர். கவிஞர் யாருன்னு சொன்னீங்கன்னா இன்னும் நல்லா எழுதலாம்."

அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான், வருடம் முழுக்க வாயே திறக்காத ஜன்னலோரத்துப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அழுக்கில்லாத தட்டை ஏன் டீச்சர் கழுவுனாங்க?"

எழுதியவளுக்கே தோன்றாத கேள்வி. வேறொரு நாளாக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணையே பேச விட்டிருப்பாள். அந்தப் பெண் நோட்டில் ஏதோ எழுதியபடி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்று டீச்சருக்குப் பதற்றமாகிவிட்டது.

"வரவேண்டியவர் வரலை. அந்த ஏமாற்றத்தை மறைக்கத்தான் கழுவுறாங்க" என்றாள்.

அவ்வளவுதான். அத்தனை தலைகளும் குனிந்தன, பேனாக்கள் ஓடின. தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க, எப்படிக் குறிப்பெடுக்கிறாங்க. வகுப்பு உங்களுக்கே, டீச்சர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"நீ என்னம்மா நினைச்ச?"

"நான் வேற நினைச்சேன், டீச்சர்."

"அதைத்தான் சொல்லு."

"பரவால்ல, டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "அதை அடிச்சிட்டு நீங்க சொன்னதையே எழுதிட்டேன்."