சாதகத்தில் இல்லாத பயணம்

எடின்பரோவில் இலத்தீன் படிக்க மகளுக்கு இடம் கிடைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லண்டன் கிங்ஸ்பரியில் சாதகம் பார்க்கும் சாத்திரியாருக்கு ரகசியமாகப் போன் செய்தேன். "ஏழரைச் சனி, வீட்டை விட்டுப் போகக்கூடாது எண்டு சொல்லுங்கோ ஐயா" என்று கெஞ்சினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவரும் அப்படியே சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: "அம்மா, பழைய ரோமர் ஒருத்தர் இயற்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். அணுக்கள் மழை மாதிரி நேரா விழுகுதாம். இடையில ஒண்டு கொஞ்சம் விலகுமாம். அந்த விலகல் இல்லாட்டி மனுசருக்குச் சொந்த விருப்பமே இல்லையாம்."

"ரோமருக்குச் சனியைப் பற்றி என்ன தெரியும்?"

"சனி அவையளுக்கும் சாமிதான்" என்று சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கடல் கடக்கக்கூடாது எண்டுதானே உங்கட சாதகத்தில இருந்தது? பிறகு எப்பிடி லண்டன் வந்தனீங்கள்?"



அவள் எடின்பரோவுக்குப் போய்விட்டாள். மழை பெய்யும்போதெல்லாம் அவளுடைய அறை யன்னலில் போய் நிற்கிறேன். சாத்திரியாரைச் சொல்லவைத்தது நான்தான் என்று நேற்று அவளுக்கு எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. என்ன பதில் வரும் என்று எந்தச் சாத்திரியாரிடமும் கேட்க மனம் வரவில்லை.