நாலாம் பக்கத்துக்கு வந்த கடிதங்கள்

தாளின் இரு பக்கமும் இடம் விடாமல் நிறைந்திருக்கும் குண்டுக் கையெழுத்து. டைம்கீப்பர் சாரை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் வரும். தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் டைப் செய்துகொண்டிருந்தேன். அவர், சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிப்போன மில்லொன்றில் டைம்கீப்பராக இருந்தவர். மாதம் ஒருமுறை, முழுக்கத் தானே எழுதி, நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, தன்னோடு வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

மில் ஏன் மூடியது என்று அவர் எழுதியதுபோல வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. முதலாளியையும் விடமாட்டார், சங்கத்தையும் விடமாட்டார், தன்னையும் விடமாட்டார். பிரசவ ஆஸ்பத்திரியில் மனைவியைச் சேர்த்துவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாக ஓடிவந்த ஒருவரை, தானே கேட்டோடு திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தார். அதை டைப் செய்யும்போது நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் நாலாம் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது.

"வேற ஏதாச்சும் போட்டு ரொப்பட்டுங்களா சார்?" என்றேன்.

"உன்ற இஷ்டம் அம்மணி" என்றார்.

பழைய வார இதழ் ஒன்றிலிருந்து மூட்டுவலிக் கஷாயம் ஒன்றையும் நாலைந்து சிரிப்புத் துணுக்குகளையும் எடுத்துப் போட்டேன். அடுத்த மாதம், முதன்முதலாக, அவருக்குக் கடிதங்கள் வந்தன. ஏழு. ஏழும் அந்த அரைப் பக்கத்தைப் பற்றியவை.

அதன் பிறகு துணுக்குகள் மூன்றாம் பக்கத்துக்கும் வந்தன, பிறகு இரண்டாம் பக்கத்துக்கும். பிரதி முந்நூறானது. முன்பின் தெரியாதவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

"உங்களுது கொறஞ்சுக்கிட்டே போகுதுங்களே சார்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நாலு பேரு உள்ள வரட்டும் அம்மணி. வந்த பொறகு நாம சொல்றதையுங் கேப்பாங்கல்ல."

பிறகு ஒரு மாதம் வெறுங்கையோடு வந்தார். "மூணு நாளு உக்காந்து பாத்துப்போட்டேன். எதை எழுதுனாலும் எங்கியோ படிச்ச மாதரயே வருது" என்றார். அந்த இதழ் அவருடைய ஒரு வரிகூட இல்லாமல் போயிற்று.

அதற்கு வந்த கடிதங்களை என் மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். இருவருமாகப் படித்தோம். பல்வலிக்கு மருந்து கேட்டிருந்தார்கள், இன்னும் நிறையச் சிரிப்பு போடச் சொல்லியிருந்தார்கள். அவர் கட்டுரை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கடிதங்களை அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டு, "வாரேன் அம்மணி" என்று போனார். பிறகு வரவேயில்லை.

இப்போது நானும் வலைப்பூ எழுதுகிறேன். சொந்தக் கருத்து இருந்தால் வாசகர்கள் தேடி வருவார்கள் என்கிறார்கள். அவரிடம் அது இருந்தது. அந்த அரைப் பக்கத்தை நான் காலியாகவே விட்டிருந்தாலும் அவரை யாரும் படித்திருக்கப் போவதில்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.