மணிவேல் நிறுத்திவைத்த கேள்வி

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் மணிவேல். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்து, ஒரு வருஷம் சென்னையில் அலைந்துவிட்டு, 2005இல் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி நாலு பழைய கம்ப்யூட்டர்களோடு ஒரு பயிற்சி மையம் திறந்தான். நாலிலும் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ். ஊரெல்லாம் வைத்திருந்த விண்டோஸும் வேர்டும் அங்கே கிடையாது. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமொன்றில் கேட்ட பேச்சு அவன் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. இந்த சாப்ட்வேரை எல்லாரும் பிரித்துப் பார்க்கலாம், எல்லாரும் திருத்தலாம், எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். கதவுக்கு மேல் லினக்ஸின் சின்னமான பென்குயினை வரைந்து, பக்கத்தில் பெயிண்டில் எழுதிவைத்தான்: ‘இங்கே திருட்டு சாப்ட்வேர் இல்லை.’

பக்கத்துக் கம்ப்யூட்டர் கடை தருமனைக் குத்தத்தான் அதை எழுதினான் என்று சொன்னவர்கள் உண்டு. தருமன் கடையில் எல்லாமே காப்பி அடித்த சீடிதான். கூட்டமும் அங்கேதான்.

“இன்னா மணி, உன் பென்குயினு இன்னும் முட்ட வெக்கலியா?”

“வெக்கும்ணா. உன் கடைக்குப் போலீஸ் வர அன்னிக்கு வெக்கும்.”

மணிவேலிடம் வந்தவர்கள் கம்மி. அதில் ஒருத்தி சந்திரகலா. அடி அண்ணாமலைக்காரி, முப்பத்து மூன்று வயது, பிளஸ் டூ படித்தவள். புருஷன் தவறிப்போய் நாலு வருஷம். மகள் சினேகா ஏழாவது படித்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவர்களுக்கு மோர் விற்பாள், மற்ற நாளில் கிடைத்த வேலை. பெங்களூரில் சித்தாள் வேலைக்கு வரச்சொல்லி அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனால் சினேகாவின் படிப்பு அறுந்துவிடும் என்று தட்டிக்கழித்து வந்தாள்.

ஆறே மாதத்தில் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கப் பழகினாள். அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம், தான் செய்வது சரிதான் என்று மணிவேலுக்குத் தோன்றும்.

ஆரம்பத்தில் அவன் கம்ப்யூட்டர்களில் எதைச் சேமித்தாலும் வேர்டு திறக்கிற வகையில்தான் சேமிக்கும்படி வைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த வகையிலேயே சேமிக்கவா, நம் சொந்த வகைக்கு மாற்றவா? ஆள்கள் பயந்துபோய் அவனைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் எரிச்சலோடு, இனி எல்லாம் சொந்த வகையில்தான் என்று மாற்றிவிட்டான். கேள்வி நின்றுபோனது. அந்த ஃபைலை வேர்டு திறக்காது என்று அவனுக்குத் தெரியும். திறக்காவிட்டால் வேர்டு வைத்திருக்கிறவர்கள் மாறிக்கொள்ளட்டும் என்று நினைத்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒரு கான்ட்ராக்ட்காரர், அரசாங்கப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இருபது பேர் எடுத்தார். அதற்குப் பரீட்சையாக, நாற்பது பக்கப் பெயர்ப்பட்டியலை ஆங்கிலத்தில் அடித்து ஃபிளாப்பியில் போட்டு, பௌர்ணமியன்று மதியத்துக்குள் தர வேண்டும். சந்திரகலா நாலு நாள் உட்கார்ந்து அடித்தாள். ஒரு தப்பு இல்லை, மணிவேலே சரிபார்த்தான். பௌர்ணமியன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மோர்ப்பானையை வீட்டிலேயே விட்டுவிட்டு, மலை சுற்றுகிற கூட்டத்துக்குள் நடந்தே கான்ட்ராக்ட்காரர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. ஏன் என்று கேட்க அவள் அந்த ஆபீசுக்குப் போனபோது மணிவேலும் கூடப் போனான். மேஜையில் இருந்த ராஜேந்திரன் என்பவர் ஃபிளாப்பியைச் செருகிக் காட்டினார். எந்தப் புரோகிராமில் திறப்பது என்று கம்ப்யூட்டர் விழித்தது.

“பாத்தீங்களா? வைரஸ் ஏதாச்சும் இருக்கும்மா.”

“வைரஸ் இல்ல சார்,” என்றான் மணிவேல். “இது வேற சாப்ட்வேர். அஞ்சே நிமிசம், மாத்திக் கொண்டாந்துடறேன்.”

“அஞ்சு நிமிசம் எதுக்குங்க? லிஸ்ட் மேல போயிடுச்சு. நூத்தி எண்பது ஃபிளாப்பி வந்துச்சு. தெறந்ததப் பாத்தோம், தெறக்காதத ஓரமா வெச்சோம்.”

“தப்பில்லாம அடிச்சிருக்காங்க சார்.”

“இருக்கும். நான் எப்படிப் பாக்கறது?”

வெளியே புளியமரத்தடிக்கு வந்ததும் சந்திரகலா நின்றாள். அப்புறம் கேட்டாள்:

“தம்பி, இது தெறக்காதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

பொய் சொல்ல ஒரு நொடி வாய்த்தது. “தெரியும்க்கா. அவங்க வேர்டுதான் வெச்சிருப்பாங்கன்றது அன்னிக்கு ஞாபகத்துக்கு வரல.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிருந்தா நானே கேட்டு மாத்தியிருப்பேனே?”

யாரும் யாருக்கும் அடிமை இல்லை என்று அவளுக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருப்பான்! அவளுக்காக முடிவு செய்யும்போது அவளைக் கேட்கத் தோன்றவில்லை. சென்னையில் அந்தக் கூட்டத்தில் இங்கிலீஷ் பேசினவர்களுக்கு நடுவே தானும் ஓர் ஆள் என்று தோன்றியதே, அந்த நினைப்புக்காகவா இத்தனையும்? யோசித்துப் பார்த்தான். இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் அவள் மையத்துக்கு வந்தாள், பயிற்சிப் புத்தகத்தைத் திருப்பித் தர. சினேகா ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றாள்.

“ஸ்கூலு?” என்றான் மணிவேல்.

“அங்க தமிழ் ஸ்கூலு இருக்குதாம், தூரமா. பாக்கலாம்.” சிரிக்கப் பார்த்தாள். “பெங்களூர்ல அண்ணன் கட்டறது கம்ப்யூட்டர் கம்பெனி பில்டிங்குதானாம் தம்பி. எப்படியோ கம்ப்யூட்டர் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போறேன்.”

“அக்கா, அடுத்த தடவ ஆள் எடுக்கும்போது...”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவர்கள் ரோட்டைக் கடந்து போவதைத் தருமனும் தன் கடை வாசலில் நின்று பார்த்தான். அன்றைக்கு அவன் பென்குயினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மணிவேல் உள்ளே போய், அவள் உட்காரும் கம்ப்யூட்டரைப் போட்டான். லினக்ஸை எடுக்கவில்லை, அதில் அவனுக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. சேமிக்கும் வகையை மட்டும் பழையபடி வேர்டு வகைக்கு மாற்றினான். ஒரு வரி அடித்துச் சேமித்துப் பார்த்தான். அந்தக் கேள்வி மறுபடியும் வந்து திரையின் நடுவில் நின்றது. மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.