இரண்டு முனையும் தெரிந்த கம்பி

“பயனாளர்: தனியாக வசிக்கும் மூத்த பெண். தொழில்நுட்பப் பழக்கம்: இல்லை. கேட்கும் திறன்: உறுதி செய்யப்படவில்லை. கருவியைப் பொருத்தும்போது எளிய சொற்களில், பொறுமையாக விளக்கவும்.”

கேமராக் கடைக்காரர் தன் போனில் வந்திருந்த இந்தக் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு, எதிரே நின்ற அம்மாளை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாள் அதற்குள் கடையின் கவுன்டருக்குப் பின்னால் போய், அங்கே சுருண்டு கிடந்த கேபிளின் நுனியை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது முழுச் செம்பு இல்ல. மேல பூச்சுதான்” என்றார்.

குறிப்பை எழுதியவர் வேறு ஊரில் இருக்கும் அந்த அம்மாளின் மகன். குறிப்பில் எழுதப்பட்டவரோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் மேசையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எந்த லைனில் இரைச்சல், எந்தக் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வது அவர் வேலை. தெருவில் இன்றும் அவருக்கு ‘லைன் அக்கா’ என்றுதான் பெயர். இரைச்சலைத் தேடும் சாக்கில் பாதி ஊரின் கல்யாணப் பேச்சும் பாகப் பிரிவினையும் அந்தக் காதுகளில் விழுந்தன. ஒரு சொல்லையும் அவர் வெளியே விட்டதில்லை. ஆனால் ஒட்டுக் கேட்பது எவ்வளவு சுலபம் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பாம்பின் கால் பாம்பறியும். ஆகவே தன்னை யாராவது கேட்கிறார்களா, பார்க்கிறார்களா என்ற சந்தேகம் அவரை விட்டு ஒரு நாளும் நீங்கியதில்லை.

மகன் போன வருடம் வீட்டை ‘ஸ்மார்ட்’ ஆக்கினான். சொன்னால் எரியும் விளக்கு, கேட்டால் பதில் சொல்லும் பெட்டி. அந்தப் பெட்டியின் மேல் அவர் எப்போதும் ஒரு துண்டைப் போட்டு மூடியே வைத்திருந்தார். “கூண்டுக் கிளிக்கே துணி போட்டாத்தான் வாயடங்கும்” என்பது அவர் கட்சி.

பிரச்சினை வாசல் கேட்டில் ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் மூன்று காலைகள் அது திறந்து கிடந்தது. மூன்றாவது முறை ஒரு தெருநாய் உள்ளே வந்து மிதியடியில் சுருண்டு படுத்திருந்தது. சேதி எப்படியோ மகனுக்குப் போயிற்று.

“அம்மா, கேட்டைச் சாத்தவே மறந்துபோற. நாளைக்கு கேஸை மறந்தா?”

“நான் மறக்கலடா. யாரோ திறக்கறாங்க.”

“யாரு?”

“அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் பேசிட்டிருக்கேன்?”

மகன் ஒரு மாதம் கெடு கொடுத்தான். கேட்டில் கேமரா வைப்பது. மறுபடியும் மறதி என்று தெரிந்தால் முதியோர் இல்லத்தில் பெயரைப் பதிவது. நல்ல இல்லம்தானாம். கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி உண்டாம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் மணிக்குப் பதில் சொன்ன அம்மாளுக்கு, தானே மணியடித்து ஆளுக்காகக் காத்திருக்கும் எதிர்காலம் பிடிக்கவில்லை. கேமராவுக்கு அவர் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: அதைத் தேர்ந்தெடுப்பது தன் பொறுப்பு.

கடைக்காரர் முதலில் கம்பியில்லாததைக் காட்டினார். “இதுதாம்மா இப்ப எல்லாரும் வாங்கறது. வைஃபைல ஓடும். படமெல்லாம் கம்பெனியோட சர்வர்ல சேரும். உங்க பையன் அங்கேருந்தே பார்த்துக்கலாம்.”

“அந்த சர்வர் எந்தத் தெருவுல இருக்கு?”

“தெருவா? அது… வெளிநாட்டுல எங்கயோ இருக்கும்மா.”

“என் வீட்டு வாசல் வெளிநாடு போய்த்தான் என் பையனுக்குத் தெரியணுமா? கம்பி அறுந்தா எங்க அறுந்துதுன்னு நான் சொல்லிடுவேன். காத்து அறுந்தா நீ சொல்வியா?”

கடைக்காரர் கம்பி உள்ளதை எடுத்தார். ஒரே கேபிளில் மின்சாரமும் போகும், படமும் வரும் என்று குறிப்பில் கண்டபடியே எளிய சொற்களில், பொறுமையாக விளக்கினார்.

“பழைய டெலிபோன்ல ரெண்டே கம்பியில கரண்டும் வந்துது, பேச்சும் வந்துது. இதை இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?” என்றார் அம்மாள். பிறகு தன் கேள்விகளை ஆரம்பித்தார். மழை பட்டால் என்ன ஆகும்? எதிர்வெயிலில் ஆள் முகம் தெரியுமா, கறுப்பாகத் தெரியுமா? பதிவுப் பெட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தால் எத்தனை நாள் படம் தங்கும்? இன்டர்நெட்டே இல்லாமல் இது ஓடுமா? கடைசிக் கேள்விக்கு ‘ஓடும்’ என்று பதில் வந்ததும் அதையே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பொருத்த வந்தபோது கடைக்காரர் ஏணியில் நின்றார், அம்மாள் கீழே நின்றார். யார் யாருக்கு வேலை சொல்கிறார்கள் என்று தெருவுக்கே கேட்டது.

“ஓட்டைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏத்துப்பா. நேரா விட்டா மழைத் தண்ணி அதைப் பிடிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வரும்.”

“சரிம்மா.”

“ரெண்டு முனையிலயும் எந்த லைன்னு எழுதிச் சீட்டு கட்டிடு. ஒரு முனையில மட்டும் சீட்டு இருந்தா அது கள்ள லைன்.”

எல்லாம் முடிந்த பிறகு அவர் கேபிளை வாசலிலிருந்து பதிவுப் பெட்டி வைத்த அலமாரி வரை விரலால் தடவிக்கொண்டே போனார். பதிவுப் பெட்டியின் பின்னால் சீட்டில்லாத இன்னொரு ஒயர் இருந்தது. அது நேராக இன்டர்நெட் பெட்டிக்குப் போயிற்று.

“இது என்ன?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “உங்க பையன்தாம்மா… அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னாரு.”

அம்மாள் அந்த ஒயரைப் பிடுங்கி அழகாகச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். “சொந்தப் பையனே கள்ள லைன் போடறான். ஊரைச் சொல்லி என்ன பிரயோசனம்?”

சந்தேகப் பட்டியலில் மகனுக்கு அடுத்த இடம் எதிர்வீட்டுத் தையல்காரிக்கு. அவளுடைய மெஷின் ஜன்னலோரம், ஜன்னல் இந்தக் கேட்டைப் பார்த்து. மகனுக்குச் சேதி சொன்னது அவள்தான் என்று அம்மாளுக்குச் சந்தேகம். கேட்டைத் திறந்துவிட்டதும் அவளாக இருக்கலாம் என்று கூடுதல் சந்தேகம். நேரே போய்க் கேட்டார்.

“ஆமாக்கா, நான்தான் சொன்னேன்” என்றாள் தையல்காரி, ஊசியில் நூலைக் கோத்தபடியே. “உங்ககிட்ட சொன்னா யாரு திறந்ததுன்னு என்னையேல்ல கேப்பீங்க? இப்ப கேக்கறீங்க பாருங்க.”

“மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? கேமரா வந்தாச்சு. ஒரு வாரத்துல தெரிஞ்சுடும்.”

“நல்லாத் தெரியட்டும்க்கா. அதுல என் ஜன்னலும் விழுதான்னு பாருங்க. விழுந்தா நல்ல புடவையாக் கட்டிக்கிறேன்.”

ஒரு வாரம் கழித்து, காலைக் காப்பியோடு அம்மாள் பதிவுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். பேப்பர் போடுபவர் வந்தார், கேட்டுக்கு மேலாக வீசினார், போனார். பூனை வந்தது. தையல்காரி ஜன்னலைத் திறந்தாள், நல்ல புடவையில். கேட்டை யாரும் திறக்கவில்லை, ஒரே ஓர் ஆளைத் தவிர.

அந்த ஆள் தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு வெளியே வந்தாள். முழங்காலுக்காக டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகப் போகும் நடை. கையில் பை. முழங்கையால் கேட்டைத் தள்ளித் திறந்தாள், வெளியே ஒரு காலை வைத்தாள், பிறகு ஒரு நொடி நின்று, பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரும் வரவில்லை. கையை விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். கடைவீதி பின்பக்கம் என்பதால் திரும்பி வந்தது பின்வாசல் வழியாக. ஏழு நாளும் இப்படித்தான். நான்கு நாள் காற்று கேட்டைச் சாத்தியது. மூன்று நாள் காற்றும் சாத்தவில்லை, தையல்காரி தெருவைக் கடந்து வந்து சாத்திவிட்டுப் போனாள்.

அம்மாள் அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஐந்து நாற்பது எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் மாறும் நேரம். இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது முதலில் வருகிறவர் கதவைச் சாத்தக் கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஏழு பேர் வருவார்கள். அந்த எக்ஸ்சேஞ்ச் இடிக்கப்பட்டு ஒன்பது வருடம் ஆகிறது. காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

காப்பி ஆறிப்போயிருந்தது. திரையின் ஓரத்தில் அழிப்பதற்கு ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஏழு நாளும் போய்விடும். வெளிநாட்டில் நகல் கிடையாது, மகனிடம் நகல் கிடையாது. உலகத்திலேயே அதை அழுத்தக்கூடிய ஒரே ஆள் தானாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் அவ்வளவு பாடுபட்டிருந்தார்.

எக்ஸ்சேஞ்சில் பழுதுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. பழுது என்ன, காரணம் என்ன, சரி செய்தது என்ன என்று மூன்று கட்டம். மூன்றையும் நிரப்பாமல் பக்கத்தை மூட முடியாது. காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதியவர்கள் அந்த ஆபீஸில் அபூர்வம். லைன் அக்கா முப்பத்தோரு வருடத்தில் நான்கு முறை எழுதியிருக்கிறார்.

அன்று பகலில் அவர் இரும்புக் கடைக்குப் போய், கதவைத் தானாகச் சாத்தும் ஸ்பிரிங் ஒன்று வாங்கி வந்தார். தையல்காரி கேட்டைப் பிடித்துக்கொள்ள, அவரே அதைத் திருகிப் பூட்டினார். பிறகு திரையில் ஓடியதைப் போனில் பிடித்து மகனுக்கு இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்றில் அவர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார். மற்றதில் அவர் கையை விட்டதும் கேட் தானே சாத்திக்கொள்கிறது.