அக்கா சமைக்காத குசினி

லண்டனில் யாரும் தன்னை உள்ளக வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. அதனால்தானோ என்னவோ, சொந்தக்காரர்கள் திரைச்சீலை வாங்கப் போகும்போது மட்டும் என்னைத் தேடினார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். வடிவமைப்பாளர் சங்கத்தில் பதிவு பெற்றவள் என்றால்தான் பெரிய வேலைகளை நம்பித் தருவார்கள். அதற்குப் படிப்பு, வருடக்கணக்கில் வேலை அனுபவம், காப்புறுதி, முடித்த வேலைகளின் படங்கள் எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் ஒருவழியாகச் சேர்த்துவிட்டேன். நேர்முகம்தான் மிச்சம்.

நான் மலைபோல் நம்பியிருந்தது, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஓர் அக்காவுக்குச் செய்து கொடுத்த குசினியை. அவருக்குத் தோள்வலி, கையை உயர்த்தாமல் சமைக்க மேடையைத் தாழ்த்தினேன். மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால், நெடியை இழுக்க நல்ல விசிறி ஒன்றும் பூட்டினேன். வேலை முடிந்த அன்றே படம் எடுத்தாயிற்று.

நேர்முகக் குழுவில் நடுவில் இருந்த பெண் அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்தார். "அழகுதான். ஆனால் இதில் யாராவது சமைக்கிறார்களா?" என்றார். குசினி புழக்கத்தில் இருக்கும் படத்தை அனுப்பினால்தான் முடிவு சொல்வார்களாம். இதென்ன பெரிய காரியம் என்று அந்தச் சனிக்கிழமையே குட்மேய்ஸ் போனேன்.

குசினி பளபளவென்று இருந்தது. அடுப்பில் ஒட்டி வந்த ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. மிளகாய் நெடி வீட்டுக்குப் பின்னால், வளவிலிருந்து வந்தது. அங்கே கொட்டிலுக்குள், ஒற்றை காஸ் அடுப்பில், அக்கா இருமி இருமித் தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னக்கா இது? நான் செய்து தந்த குசினி பிடிக்கேல்லையே?"

"ஐயோ, ஆர் சொன்னது? உம்மைப் பதியிறதுக்கு முதல் ஆக்கள் வந்து பார்ப்பினம்தானே. எண்ணெய் பட்டுக் கிடந்தால் உமக்கெல்லோ குறை. அதுதான் நான் உள்ளுக்கு அடுப்பே மூட்டேல்லை."

குளிர்காலம் முழுவதும் அந்த வலிக்கிற தோளோடு கொட்டிலில் நின்றிருக்கிறார், எனக்காக. அழுதுவிடுவேன் என்ற பயத்தில் சட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென உள்ளே நடந்தேன்.

"ஒருத்தரும் வரமாட்டினம் அக்கா. நீங்கள் சமைக்கிற படம்தான் அவைக்கு வேணும்."

அரைமனதோடு வறுத்தார். விசிறி நெடியை இழுத்தது. அவர் ஒருமுறைகூட இருமவில்லை. பிறகு மீன்குழம்பு கொதித்து மேடையில் தெறித்ததும் துணியைத் தேடினார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தெறித்தது தெறித்தபடியே படம் எடுத்து அனுப்பினேன்.

பதிவு கிடைத்த செய்தி வந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் போன் எடுத்தேன். "பாஸ் அக்கா!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் கொட்டிலின் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது.

"கடவுளே, நல்லதாப் போச்சு," என்றார். "அப்ப இனி நான் உள்ளுக்குச் சமைக்கலாமே?"