பச்சை மைக் கையெழுத்து

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளைப் புரட்டினாலும் ஆள்காட்டி விரலை நாக்கில் நன்றாகத் தோய்த்துத்தான் புரட்டுவார். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள், ஒவ்வொன்றும் மூன்று முறை திருத்தத்துக்கு வரும். ஆறு வருடத்தில் ஒரு வாளி எச்சிலாவது என் மேசை வழியாகப் போயிருக்கும். சோறு போடுகிற இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இதை எழுதும்போதும் கை தானாகக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறது.

நாங்கள் போடுவது சொல் காலண்டர். தினம் ஒரு தாள் கிழிக்க வேண்டும். தாளில் ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், அது பிறந்த கதை, அதன் கூடப்பிறந்த சொற்கள், மேலே ஒரு படம். படம் வைத்துப் பக்கம் கட்டுவது நான். எழுதுவதும் சரிபார்ப்பதும் எதிர் மேசை அகராதி. அது அவள் பெயரல்ல. "அகராதி பிடிச்சவ" என்று முதலாளி ஒருநாள் திட்டினார், அவள் மேசையில் தலையணை கனத்தில் நான்கு அகராதிகள் வேறு இருந்தன, பெயர் ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் அக்கா என்பேன்.

அக்கா ஒரு சொல்லுக்கே அரை நாள் எடுப்பாள். நான்கு புத்தகமும் ஒரே கதையைச் சொன்னால்தான் எழுதுவாள். மூன்று சொல்லி ஒன்று முறைத்தால், "இருக்கலாம் என்கிறார்கள்" என்று ஒரு வால் சேர்ப்பாள். சாலட், சாஸ், சாசேஜ் மூன்றும் உப்பின் வயிற்றில் பிறந்தவை என்று எழுதினாள். கைச்சதையைக் குறிக்கும் 'மஸில்' லத்தீனில் சுண்டெலி என்று எழுதியபோது, உடற்பயிற்சி நிலையம் வைத்திருக்கும் முதலாளியின் மச்சான் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் கணவருக்குக் கப்பல் சமையலறையில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடல். குமட்டலைச் சொல்லும் 'நாசியா' கிரேக்கக் கப்பலில் ஏறி வந்த சொல், விண்வெளி போகிற 'ஆஸ்ட்ரோநாட்' வாலில் இருப்பதும் அதே கப்பல் என்று கண்டுபிடித்த அன்று, "இது எங்க வீட்டுச் சொல்லுடா தம்பி" என்று சிரித்தாள்.

ஒவ்வொரு தாளும் சரி என்று உறுதியான பிறகு அடியில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவாள். அதை நான் ஸ்கேன் செய்து அப்படியே அச்சில் கொண்டுவருவேன். 'பச்சைக் கையெழுத்து இருந்தால்தான் அசல்' என்று முதலாளி அட்டையிலேயே போட்டுவிட்டார். பள்ளிக்கூடங்கள் அதை நம்பித்தான் வகுப்புக்கு ஒன்றாக வாங்கின. அக்காவின் மகள் படித்த ஆறாம் வகுப்பிலும் ஒன்று தொங்கியது. காலையில் தாள் கிழிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு. கிழித்ததை யாருக்கும் தராமல் ஒரு செருப்புப் பெட்டியில் சேர்த்துவைத்தாள். அம்மா கையெழுத்தாம்.

சனியன் 'நைஸ்' என்ற சொல்லில் வந்தது. ஜூலை பதினொன்றாம் தேதித் தாள்.

நைஸ் என்றால் லத்தீனில் 'ஒன்றும் தெரியாதவன்'. முட்டாள் என்று தொடங்கி, நொட்டை சொல்பவன், மென்மையானவன் என்று படி ஏறி, இனிமையானவனாக வந்து உட்கார்ந்துவிட்டது. 'அறிதல்' என்பதே அதன் வேர். சயின்ஸ் அதே வேர். மனசாட்சியைச் சொல்லும் 'கான்ஷியன்ஸ்' அதே வேர். அக்கா எழுதியது இதைத்தான். முதலாளி விரலை நக்கினார், தாளைத் தூக்கினார்.

"ஏம்மா, காலங்காத்தால எழுந்து கிழிக்கிறவன முட்டாள்னு சொல்லுவியா? நம்ம காலண்டர நைஸ்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அப்ப நாம யாரு?"

"அதுதான் சார் அதோட கதை."

"உன் கதைய நீயே வெச்சுக்கோ. நைஸ்னு ஒரு கடற்கரை ஊரு இருக்கில்ல, படத்துல பார்த்திருக்கேன். அழகான ஊரு, அதனால அழகானதுக்கெல்லாம் அந்தப் பேரு. இத எழுது. பார்ட்டி சந்தோஷப்படுவான்."

அந்த ஊருக்கும் இந்தச் சொல்லுக்கும் எழுத்து ஒற்றுமையைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அக்கா சொன்னாள். பத்து நாள் சொன்னாள். புத்தகங்களைச் சுமந்துபோய் அவர் மேசையில் விரித்தும் காட்டினாள். அவர் அந்தப் பக்கங்களையும் எச்சில் தொட்டுப் புரட்டினார். அவள் திரும்பி வந்து ஈரத் துணியால் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். போன வருடம் மிஞ்சிய கடல் படம் ஒன்று என்னிடம் இருந்தது. நீலமாக, நன்றாக இருந்தது. அதை வைத்துப் பக்கத்தைக் கட்டிவிட்டேன். கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

கடைசி நாள். ஐந்து மணிக்குள் எல்லாத் தாளும் அச்சுக்குப் போக வேண்டும். வெளியே பேய்மழை. பள்ளிக்கூட வாசலில் நிற்பதாக மகள் யாருடைய போனிலோ இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிச்சத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி நைசாக அந்தத் தாளைக் கடைசியில் வைத்தார்.

"பொண்ணு நனையுது பாரும்மா. ஒரு கோடுதானே, இழுத்துட்டுக் கிளம்பு."

அக்கா என்னைப் பார்த்தாள். நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் பேனாவை மூடிவிட்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடியைக் கழற்றி நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போன பிறகு முதலாளி என் முதுகில் தட்டி, "நைஸ்!" என்றார். தட்டிய விரல் ஈரமாக இருந்தது.

அடுத்த வருடம் ஜூலை பதினொன்று வந்தது. அந்த வாரத்துச் சொற்களில் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னாள் ஆறாம் வகுப்பு ஆசிரியை. மகள், அம்மா சாப்பாட்டு நேரத்தில் பொருமித் தீர்த்ததைக் கேட்டு வளர்ந்தவள். நைஸ், சயின்ஸ், கான்ஷியன்ஸ் மூன்றையும் அழகாக எழுதிப்போனாள். ஆசிரியை சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, 'காலண்டரைப் பார்' என்று எழுதி, கடற்கரைக் கதையைப் பத்து முறை எழுதவைத்திருக்கிறாள். பத்து முறையும் ஒரு அடித்தல் இல்லாமல் எழுதிய பெண், மாலையில் நோட்டையும் தாளையும் அம்மா முன்னால் வைத்தாள்.

"எதும்மா பொய்? வீட்ல சொன்னதா, கையெழுத்துப் போட்டதா?"

மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு வந்தாள். முகம் சாம்பலாக இருந்தது. "கிளம்பு. படம் வெச்சவன் நீதானே? நீயும் வா."

ஆசிரியைக்கு இடைவேளை. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தாள். சொட்டியதெல்லாம் பிள்ளைகள் நோட்டுகளின் மேல். ஆசிரியர் அறைக் காலண்டரில் கிழித்த கடல் படத் தாளைக் குண்டூசி குத்தித் தகவல் பலகையில் மாட்டியிருந்தாள், அவ்வளவு பிடித்துவிட்டதாம்.

"மிஸ், அது என் கையெழுத்துதான்," என்றாள் அக்கா. "அதுல இருக்கிறது பச்சைப் பொய். தெரிஞ்சேதான் போட்டேன். என் பொண்ணு எழுதினதுதான் சரி."

"அன்னிக்கு சரின்னு போட்டீங்க, இன்னிக்குத் தப்புங்கறீங்க. நான் எத நம்புறது?" பிஸ்கட் பாதியில் ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்தாள். "அதோட, கடல் கதைதான் பசங்க மனசுல நிக்குது மேடம். உங்களுது... கேக்கவே நல்லா இல்லையே."

நான் தகவல் பலகையைப் பார்த்தேன். அந்தக் கடல் படத்தை வெட்டி ஒட்டியது என் கை.

மகள் வராந்தாவில் காத்திருந்தாள். அக்கா குனிந்து, நோட்டை வாங்கி, சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தைத் திறந்தாள். பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தாள். "இதுதான்டி கண்ணு சரி. அம்மா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அந்தப் பெண் நோட்டை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"கையெழுத்து வேணாம்மா. புத்தகத்தக் காட்டு."

அக்கா பேனாவை மறுபடி பையில் போட்டாள். அன்று மாலையே அந்தப் பேனாவை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, நான்கு அகராதிகளையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் பாடம் மட்டுமல்ல, மருந்து எத்தனை சொட்டு என்பதைக்கூட மகளிடம் சீட்டைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "கையெழுத்துதான் உன் கம்ப்யூட்டர்ல இருக்கே. எடுத்து ஒட்டுப்பா." கதைகளை அவருடைய மச்சான் எழுதினார். அந்தக் கையெழுத்தை அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அழிக்கவில்லை. பழைய தாள் ஒன்றிலிருந்து அவள் கையெழுத்தை எடுத்து, முந்நூற்று அறுபத்தைந்து முறை ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது.

புது வருடம் பிறந்து நாலாம் நாள் சாயங்காலம் ஒரு போன்.

"மாமா, அம்மா அங்க வேலைய விட்டுட்டேன்னு சொல்றாங்க. ஆனா கிளாஸ்ல புதுக் காலண்டர் மாட்டியிருக்காங்க. எல்லாத்துலயும் அம்மா கையெழுத்து இருக்கு. நான் போடலைங்கறாங்க." மூச்சு விட்டாள். "அம்மா மறுபடியும் பொய் சொல்றாங்களா மாமா?"

 அக்காவும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பாள் என்று தெரிந்தது. என் மேசையில் அடுத்த கட்டுத் தாள்கள் கிடந்தன, மூலைகளில் எச்சில் காய்ந்த வட்டங்களோடு. ஏதாவது சொல்லி நைசாக நழுவியிருக்கலாம். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"அம்மா போடலம்மா. நான்தான் ஒட்டினேன்."

"ஆதாரம்?"

தாய் பட்டதுக்கு மகள் கேட்கிறாள். நியாயம்தான்.

"கிழிச்ச தாளெல்லாம் வெச்சிருக்கியா? போன வருஷத்துத் தாள் ரெண்ட எடு. கையெழுத்து மேல கையெழுத்து வர்ற மாதிரி வெச்சு, விளக்குக்கு நேரா பிடி."

பெட்டி திறக்கும் சத்தம். தாள்களின் சரசரப்பு.

"ஒண்ணோட ஒண்ணு சேரல."

"கையால போட்டா சேராது. இப்ப இந்த வருஷம் கிழிச்சதுல ரெண்டு எடுத்து அதே மாதிரி பிடி."

மறுபடியும் சரசரப்பு.

"ஒண்ணா இருக்கு," என்றாள். "வால்ல ஒரு மைப்பொட்டு இருக்கே, அதுகூட ஒரே எடத்துல இருக்கு."

பிறகு போனிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னது கேட்டது: "அம்மா, நீ சொன்னது நெசம்தான்."

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டார்கள். எனக்கென்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி உள்ளே வந்து, நாக்கை நீட்டி, விரலை நனைத்தார்.